நான் எழுதிய அண்டைவீட்டார்

அம்பத்தூர் ரயில் நிலைய வாசலில் ஒரு மேசை, ஒரு பெரிய குடை, பின்னால் ஒரு பதாகை. எங்கள் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா இலவசம். காலை எட்டு மணிக்கு வரிசை நின்றது. ஏற்றினார்கள், எண்ணைக் கொடுத்தார்கள், ‘உங்கள் தெருவுக்கு நல்வரவு’ என்று வந்த திரையைக் காட்டினார்கள், டப்பாவை வாங்கினார்கள். மேசையிலிருந்து நடைமேம்பாலத்தின் முதல் படிக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடிக்குள் பலரும் செயலியை அழித்துவிட்டார்கள். கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருப்பதிலிருந்தே தெரிந்துவிடும். ஒருவர் எங்கள் முன்னாலேயே அழித்துவிட்டு, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூடி லூசா கீது. வேற குடு.”

வேறு கொடுத்தோம். அன்று மாலை அலுவலகத் திரையில் அவரும் ஒரு பயனாளராகக் கணக்கில் ஏறியிருந்தார்.

நான் இருபது வருடங்களுக்கு மேல் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். மாவட்டப் பதிப்பை நிறுத்தியபோது என்னையும் நிறுத்தினார்கள். அப்போது என்னைக் கூப்பிட்டவர் இந்தச் செயலியின் நிறுவனர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஐடி வேலையை விட்டவர். கள்ளிக்குப்பத்தில் நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் வாடகைக்கு இருந்தார். லிஃப்டில் பழக்கம். அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி ஆட்களுக்கென்று தனியாக ஒரு செயலி என்றார். எந்தத் தெருவில் மின்சாரம் இல்லை, எங்கே சாக்கடை பொங்குகிறது, யாருக்கு வீடு வாடகைக்கு வேண்டும், யாருடைய நாய் காணவில்லை. நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. தொழிற்பேட்டையில் ஒரு பழைய லேத் பட்டறையின் மாடியில் அலுவலகம். கீழே இன்னும் எண்ணெய் வாசனை போகவில்லை. என் பதவிக்குச் ‘சமூக ஆசிரியர்’ என்று பெயர்.

முதல் மாதம் செய்தி எழுதினேன். சாலைத் தோண்டல், பேருந்து மாற்றம், குடிநீர் வரும் நேரம். படிக்க ஆள் இல்லை. ஏற்றியவர்களில் பலர் இரண்டாம் முறை திறக்கவே இல்லை. திறந்தவர்கள் பார்த்தது ஒரு காலி இடம். நிறுவனர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

“சார், காலியா இருக்கிற ஓட்டல்ல எவனும் உள்ள வர மாட்டான். நாலு டேபிள்ல நாம ஆளை உட்கார வைக்கணும். அப்புறம் தானா வருவாங்க.”

அவர் சொன்னதை நான் உடனே புரிந்துகொண்டேன். என் பழைய தொழிலில் அதற்குப் பயிற்சி இருந்தது. நாளிதழில் வாசகர் கடிதப் பகுதிக்கு இரண்டு கடிதம் குறைந்தால் மேசையில் இருப்பவர்களே எழுதிவிடுவோம். வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர், மாதவரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால் எங்கோ ஒரு தெருவில் எரியாமல்தான் இருக்கும் என்பது எங்கள் சமாதானம். எவரும் அதைப் பொய்யென்று நினைத்ததில்லை. பக்கத்தை நிரப்புகிற வேலை, அவ்வளவுதான்.

அப்படித்தான் பதினோரு அண்டைவீட்டாரை எழுதினேன். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு குறை. திருமுல்லைவாயிலில் ஓய்வு பெற்ற ஒருவர், கொசுமருந்து அடிக்கிறவர்கள் தன் தெருவை மட்டும் விட்டுவிடுவதாகத் தினமும் புலம்புவார். நூம்பலில் ஒரு கல்லூரிப் பெண், பேருந்து வராததைப் பற்றிக் கிண்டலடிப்பாள். எங்கள் குடியிருப்பின் சி பிளாக்கில் ஒரு கர்ப்பிணி. மூன்றாம் மாதம். ஊர் தென்காசிப் பக்கம், கணவனுக்கு ஷிஃப்ட் வேலை, பகல் முழுவதும் தனியாக இருப்பவள், எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். ஒவ்வொருவருக்கும் தனி நடை, தனி எழுத்துப்பிழை கொடுத்தேன். கொசுமருந்துக்காரர் முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி வைப்பார். கர்ப்பிணி எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டாள். நன்றாக வந்திருந்தது. இப்போது அதை நினைத்தால் என்னை உறுத்துவது அந்த ‘நன்றாக’த்தான்.

எங்கள் குடியிருப்பின் பின்தெருவில் மாவு அரைத்து விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதுக்குப் பக்கம். எங்கள் கட்டடம் நிற்கும் இடம் வயலாக இருந்தபோது அவருடைய மாமனார் அதில் கூலிக்கு அறுத்தவர். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இயந்திரம் ஓட்டுகிறார். வீட்டின் முன்னறையில் இரண்டு பெரிய கிரைண்டர்கள். குடியிருப்பின் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் அவரும் இருந்தார். வெளியாட்களைச் சேர்ப்பதில்லை என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. தண்ணீர் கேன்காரரையும் பிளம்பரையும் விட்டால் அவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அவருடைய மாவில் தோசை முறுகலாக வரும். தினமும் நாலு மணிக்கு அவர் குரல் வரும்: “மாவு கீது.” உடனே பிளாக்கும் வீட்டெண்ணும் வரிசையாக விழும். அவர் குரலை எதிர்பார்த்தே அந்த நேரத்தில் பலர் கைபேசியை எடுப்பார்கள். எடுத்த கையோடு மற்ற செய்திகளையும் பார்ப்பார்கள்.

நிறுவனர் இதைக் கவனித்திருந்தார். மாவுக்காரம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர், பிளம்பர் மூவரும் பழைய குரூப்பை விட்டுச் செயலிக்கு வந்துவிட்டால் மொத்தக் குடியிருப்பும் பின்னால் வரும் என்றார். எல்லாம் கிடைக்கிற இடத்தை விட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஆகவே கிடைப்பதை அங்கிருந்து நகர்த்த வேண்டும். தர்க்கத்தில் பிழையில்லை. பிழை வேறெங்கோ இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இருவரும் அந்தக் குரூப்பிலேயே இருந்தவர்கள்.

குரூப்பை விட்டு யாரும் வெளியேறுவதில்லை. பேச்சை ஊமையாக்கி வைப்பார்கள், வருடக்கணக்கில் திறக்காமல் இருப்பார்கள், வெளியேற மாட்டார்கள். வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போன ஒரு குடும்பம் இன்னும் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறது. வெளியேறினால் சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழும், இன்னார் வெளியேறினார் என்று. இருநூறு வீடும் அதைப் பார்க்கும். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போவது போல. யார் என்ன சொன்னார்கள், எதற்குக் கோபம் என்று லிஃப்டில் இரண்டு நாள் பேச்சு ஓடும்.

தண்ணீர் கேன்காரரும் பிளம்பரும் தலையாட்டிவிட்டு எதுவும் செய்யவில்லை. புத்திசாலிகள். மாவுக்காரம்மாவிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. என்னை அவர் நம்புவார். பேப்பர்காரர் என்ற மரியாதை.

“நான் போனா கோச்சிக்க மாட்டாங்களா சார்?” என்று கேட்டார்.

எல்லாரும் பின்னாலேயே வருவார்கள் என்றேன். ஆவடி வரைக்கும் வாடிக்கை போகும் என்றேன். அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கி விடைபெறும் செய்தியை நானே அடித்தேன்: ‘இனி மாவு வேண்டுவோர் புதிய செயலியில் மட்டும் தொடர்புகொள்ளவும்.’ அந்த ‘மட்டும்’ என்னுடையது. தலைப்பு எழுதிப் பழகிய கை. பிறகு வெளியேறும் பொத்தானையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தேன்.

முதல் வாரம் சிலர் செயலிக்கு வந்தார்கள். வந்து மாவு வாங்கினார்கள். ஆனால் மாவுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று என்று இரண்டு இடத்தைத் திறந்து பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை. எங்கள் செயலி ஒரு நாளைக்கு ஒன்பது முறை மணியடித்துக் கூப்பிட்டது. ‘உங்கள் அண்டைவீட்டார் உங்களைத் தேடுகிறார்கள்’ என்றது. தேடியவன் நான். மணியை அணைத்தார்கள், பிறகு செயலியை அழித்தார்கள். இரண்டாம் வாரம் முக்கில் இருக்கும் கடையில் பாக்கெட் மாவு வாங்கத் தொடங்கினார்கள். அது நன்றாக இல்லை என்று பழைய குரூப்பில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே வாங்கினார்கள்.

இதைப் பற்றி அலுவலகத்தில் நடந்த கூட்டங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பொத்தானின் நிறத்தை மாற்றலாமா என்று ஒரு பிற்பகல் முழுவதும் பேசினார்கள். செயலி வேகமாக இருந்தது, அழகாக இருந்தது, எழுத்து பெரிதாகத் தெரிந்தது. பழைய குரூப்பில் இல்லாத எல்லாம் அதில் இருந்தது. பழைய குரூப்பில் இருந்த ஒன்று, அதாவது ஆட்கள், அதில் இல்லை. ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: அவர் போகட்டும், பிறகு நான் போகிறேன் என்று. எல்லாரும் ஒரே நாளில் எழுந்தால்தான் அது நடக்கும். அப்படி எழுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே காரணம் எவர்சில்வர் டப்பா.

மாவுக்காரம்மாவின் அறிவிப்புக்குப் பதில் வராததை நிறுவனர் பார்த்தார். ரெஸ்பான்ஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தம்மாவும் போய்விடுவார் என்றார். கொடுத்தேன். கொசுமருந்துக்காரர் ‘அருமையான மாவு...’ என்று எழுதினார். நூம்பல் பெண் சனிக்கிழமை தோழிகளோடு வருவதாகச் சொன்னாள். சி பிளாக் கர்ப்பிணி, ‘அக்கா புளிக்காத மாவு கிடைக்குமா, புளிச்ச வாசனையே எனக்கு’ என்று வழக்கம்போல் பாதியில் நிறுத்தினாள். அந்தம்மா அவளுக்குக் குரலில் பதில் அனுப்பினார். அரைத்ததும் தனியாக எடுத்து வைப்பதாக, கவலைப்படாமல் இருக்கச் சொல்லி, காலையில் எழுந்ததும் ஒரு வாய் பொரி தின்னச் சொல்லி. அதற்கு நான் நன்றி எழுதினேன்.

அவர் அந்தப் பதில்களை நம்பி அரிசி ஊற வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அவர் வேறு எதை நம்பி ஊற வைப்பார்?

மூன்றாம் வாரம் ஒரு மாலை மாவு வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாசனை வந்தது. முன்னறையில் மூன்று பெரிய பிளாஸ்டிக் டிரம்கள். மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது. விளிம்பில் வழிந்து, காய்ந்து, தரையில் மஞ்சளாகப் படிந்திருந்தது. மேற்பரப்பில் தோல் கட்டி, அதன் நடுவே குமிழ்கள் வெடித்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு டிரம்மை இழுத்துப்போய்த் தெருச் சாக்கடையில் சாய்த்தார். கெட்டியாக, மெதுவாக இறங்கியது. இரண்டு நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

வாசலுக்கு வந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவர் கேட்டது மாவைப் பற்றி அல்ல.

“அந்த சி பிளாக் பொண்ணு எந்த ஊடு சார்? தெனம் ஒரு தூக்குல எடுத்து வெச்சிகினு கீறேன், வரவே மாட்டேங்குது. முடியாம படுத்துகினு கீதோ இன்னாவோ. நம்பர் தெரிஞ்சா நானே குடுத்துட்டு வந்துருவேன்.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். செய்தியாளர்கள் அதிகம் சொல்லும் பொய் அதுதான்.

அவர் காத்திருக்கவில்லை. மறுநாள் தூக்குப்பாத்திரத்தோடு சி பிளாக்குக்குப் போயிருக்கிறார். மாடி மாடியாக ஏறி, கதவைத் தட்டி, இங்கே புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எட்டு வீடு. மூன்றாம் மாடியில் ஒருவர் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி அவரைக் கீழே அழைத்து வந்தார். அன்று மாலை பழைய குரூப்பில் ஒரு செய்தி: குரூப்பை அவமதித்துவிட்டுப் போன வெளியாள் குடியிருப்புக்குள் பொய் சொல்லிக்கொண்டு சுற்றுகிறார், யாரும் கதவைத் திறக்க வேண்டாம். எழுதியவர் சங்கச் செயலாளர். அதற்கு நாற்பது கட்டைவிரல். நான் அதைப் படித்தேன். எதுவும் எழுதவில்லை.

அந்த மாதக் கடைசியில் செயலியை மூடுவதாக நிறுவனர் சொன்னார். முகத்தில் வருத்தம் இல்லை. நிறையக் கற்றுக்கொண்டோம் என்றார். அடுத்ததாக நடைப்பயிற்சி போகிறவர்களுக்கென்று ஒரு செயலி, பணம் போடுகிறவர்களிடம் பேசியாகிவிட்டது. அவர்களுக்குக் காட்டுவதற்காக, பழைய செயலியை இழந்து அண்டைவீட்டார் வருந்துவது போல் சில வரிகள் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். பத்துப் பேரின் பெயரில் எழுதினேன். கர்ப்பிணியின் பெயரில் எழுதவில்லை. இதை ஒரு மறுப்பாகச் சொல்லிக்கொள்ள நான் தயாரில்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அந்தம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு கிரைண்டரின் மேல் பழைய சேலை போர்த்தியிருந்தது. இன்னொன்றில் பாதி அளவுதான் ஓடியது. குடியிருப்பு வாசலில் தூக்கோடு நின்று விற்கப் பார்த்ததாகவும் காவலாளி நிற்க விடவில்லை என்றும் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். சி பிளாக்கில் அப்படி ஒரு பெண் இல்லை. கொசுமருந்துக்காரர் இல்லை. நூம்பல் பெண் இல்லை. அவர் கிரைண்டரை நிறுத்தினார்.

“இல்லவே இல்லியா?”

“இல்லம்மா.”

“எழுதனதெல்லாம் நீங்கதானா?”

“நான்தான்.”

“வாந்தி எடுத்தது கூட நீங்கதானா சார்?” என்றார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. சரிபார்த்துக்கொள்வதற்காகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

“பேப்பர்ல இருந்த ஆளு. ஒங்களுக்கு வேற வேலயே கெடைக்கலியா?”

மாவு கொட்டியதைப் பற்றி அவர் பேசவில்லை. கிரைண்டரை மறுபடி போட்டுவிட்டு, அதன் சத்தத்துக்கு மேல் சொன்னார்: “என்னிய குரூப்புல சேத்து உட சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

சங்கத்தின் குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரைத்தள வண்டி நிறுத்துமிடத்தில் கூடும். நாலு பிளாஸ்டிக் நாற்காலி. செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்கிறவர். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மாவுக்காரம்மாவைப் போகச் சொன்னது நான், அந்த ‘மட்டும்’ நான், அந்தக் கர்ப்பிணி நான். செயலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. என்னைப் போன்றவர்களிடம் அதைத்தான் எதிர்பார்க்க முடியும் என்ற முகம் அவருக்கு. அவருடைய கோபம் முழுவதும் இன்னும் அந்தம்மாவின் மேல்தான் இருந்தது.

“யார் சொன்னாலும் பட்டனை அமுக்கினது அவங்க கை. நாலு வருஷம் நம்மளோட இருந்துட்டு ஒரு வார்த்தை கேக்காம போனாங்க. திரும்ப வரட்டும், வேணாம்னு சொல்லல. குரூப்ல மன்னிப்புக் கேக்கட்டும்.”

பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே, “நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நல்லா எழுதுவீங்களே,” என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

அன்றே நாலு மணிக்குச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். நான் மூன்றரைக்கே அந்தம்மாவின் வாசலில் இருந்தேன். மன்னிப்பை என் கைபேசியில் எழுதி வைத்திருந்தேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்: ‘என் செயல் தங்களுக்கு மனவருத்தம் அளித்திருப்பின்.’ அடுத்த வரிக்குப் போவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது நான் பேசற மாதிரியா கீது?”

சரியாக நாலு மணிக்கு அவர் கைபேசி ஒலித்தது. சேர்த்துவிட்டார்கள். அவர் வெளியே வந்து, கிரைண்டர் சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்து, ஒலிவாங்கியின் படத்தை அழுத்திப் பிடித்தார்.

“நான்தாங்க, மாவு ஊடு. திரும்ப சேத்துகினதுக்கு நன்றி. கோச்சிகினு ஒண்ணும் போவல, ஒரு ஆளு பேச்ச கேட்டுகினு போனேன். போனது தப்பு. சி பிளாக்குல வந்து கதவ தட்டுனது தப்பு இல்ல, ஒரு பொண்ணு முடியாம கீதுன்னு நெனச்சிகினு வந்தேன். பொய் சொல்லிகினு வரல. மாவு கீது. வோணும்னா சொல்லுங்க.”

விரலை எடுத்தார். போய்விட்டது. அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. பின்தெருவில் நின்றபடி இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பதில் இல்லை. செயலாளர் எதையோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி எழுதுவதாகக் காட்டியது. முதல் பதில் அவருடையது இல்லை. ஏ பிளாக்கிலிருந்து ஒரு கிலோ. அடுத்து மூன்றாம் மாடி, அன்று காவலாளியைக் கூப்பிட்ட அதே வீடு, அரை கிலோ. பிறகு இன்னும் ஏழெட்டு. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. செயலாளர் கடைசியில் எழுதினார், தன் வீட்டெண்ணும் ‘1 கிலோ’ என்பதும் மட்டும்.

அந்தம்மா உள்ளே போய் எடை போடத் தொடங்கினார். ஒவ்வொரு பையின் மேலும் மார்க்கரால் வீட்டெண்ணை எழுதினார். நான் வாசலில் நின்றபடி எனக்கும் அரை கிலோ வேண்டும் என்றேன். நிமிராமலே பதில் சொன்னார்.

“இன்னிக்கி இல்ல சார். கேட்டவங்களுக்கு மட்டும் சரியா கீது. நாளைக்கி நாலு மணிக்கி குரூப்புல சொல்லுங்க. ஒங்க பேர்ல சொல்லுங்க.”

பைகளை ஒரு கூடையில் அடுக்கி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிக் குடியிருப்பின் வாசலை நோக்கிப் போனார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.